ஐம்பத்தைந்து சுற்று

என் வீட்டுக்காரர் காமராஜ் இதுவரை பதினோரு பிணங்களைக் கிணற்றிலிருந்து தூக்கியிருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செஞ்சி வட்டாரத்தில் யாரிடம் கேட்டாலும் அவரைப் பற்றி இதைத்தான் சொல்வார்கள். "மோட்டார் காமராஜா? பொணம் எடுக்கிறவன்தானே" என்பார்கள். அவருக்கு நீச்சல் தெரியும் என்பது மட்டும் ஒருவர் வாயிலும் வராது. நீந்தாமல் பிணத்தை எப்படி எடுப்பாராம், மந்திரம் போட்டா?

நான் வெண்மதி, அங்கன்வாடி டீச்சர். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் காலனியில் பேச்சு. அது பொய் இல்லை. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில் பிரியும் ஒரு ரோடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காமராஜுக்கு வயது நாற்பத்தொன்று. பம்புசெட் மோட்டார் மெக்கானிக். இருபது வருடமாக சைக்கிள் கேரியரில் டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வல்லத்துக்கும் அவலூர்பேட்டைக்கும் மிதித்துப் போய் வருகிறார். மோட்டார் பழுது பார்ப்பது பாதி வேலைதான். கிணற்றுக்குள் விழுந்த மோட்டாரை, கழன்றுபோன பைப்பை, சில சமயம் ஆட்டை, சில சமயம் ஆளை மேலே கொண்டுவருவது மீதி வேலை. அடியில் போனால் சேற்றில் கண் தெரியாது. அதனால் வலது கை எப்போதும் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். சுவர் வலது கையில் இருக்கும்வரைதான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியும், விட்டால் தலை எது கால் எது என்று தெரியாது என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடையில் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தார். ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டை ஓடி ஏறிப் பழக சென்னையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்கள் டீ குடித்துக்கொண்டே ஒரு போட்டியைப் பற்றிப் பேசினார்களாம். கடலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர் நீச்சல், கரை ஏறினதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அது முடிந்ததும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். அன்று வீட்டுக்கு வந்தவர் கையைக்கூடக் கழுவவில்லை.

"வெண்மதி, நான் தெனம் செய்யற வேலைக்கு ஒரு போட்டி வச்சிருக்கானுங்க" என்றார்.

"கூலி குடுப்பாங்களா?"

"இல்லடி. நாமதான் பணம் கட்டணும்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இந்த மனிதரை இருபது வருடமாக எல்லோரும் எதையாவது எடுத்துத் தரத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எதையும் எடுக்காமல், சும்மா, தனக்காக ஒரு தடவை நீந்த வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் அவ்வளவுதான்.

செகண்ட் ஹேண்டில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினார். விடிவதற்கு முன் கோட்டை ரோட்டில் ஓடினார். நாய்கள் துரத்தின, அதுவும் பயிற்சிதான் என்றார். பிரச்சினை நீச்சல்தான். தண்ணீர் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கிற கிணறு எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்று. பாண்டுரங்கனின் வட்டக் கிணறு. நாற்பது அடி அகலம். மாசியில்கூட இருபத்தைந்து அடி தண்ணீர் நிற்கும்.

பாண்டுரங்கன் என்றால் ஊரில் பெரிய விவசாயி. நெல், மணிலாக் கடலை என்று பன்னிரண்டு ஏக்கர். அவருடைய அம்மா லட்சுமியம்மாள் ஆறு வருடத்துக்கு முன்னால் அதே கிணற்றில்தான் வழுக்கி விழுந்து இறந்தார். தூக்கியது காமராஜ். தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பாண்டுரங்கன் அப்போது அவர் காலில் விழாத குறை. அன்றைக்கு யார் யாரைத் தொட்டது, யார் தண்ணீரில் யார் இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பால் ஊற்றிச் சாந்தி செய்தார்கள். கிணறு சரியாகிவிட்டது.

அந்த நன்றியில் பாண்டுரங்கன் ஒத்துக்கொண்டார். "காலைல ஆளு வரதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடுடா" என்றார். நாற்பத்தொரு வயது ஆளை டா போடுவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. காமராஜ் "சரிங்க ஐயா" என்றார். நான் பல்லைக் கடித்தேன்.

சணல் கயிறு வைத்து அளந்தார். சுவரை ஒட்டி ஒரு சுற்று சுமார் முப்பத்தைந்து மீட்டர். ஐம்பத்தைந்து சுற்று நீந்தினால் போட்டித் தூரம். ஆனால் இருபதுக்கு மேல் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் நான் மேலே உட்கார்ந்து எண்ணினேன். மடியில் ஐம்பத்தைந்து புளியங்கொட்டை. ஒரு சுற்றுக்கு ஒன்றை எடுத்து டப்பாவில் போடுவேன். எட்டு மாதம் அப்படி எண்ணினேன். சுவர் எப்போதும் அவருக்கு வலது பக்கம், அவர் எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருப்பார். ஒரு நாள்கூட மாறிச் சுற்றவில்லை. எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. கடலைப் பார்த்திருந்தால் தோன்றியிருக்குமோ என்னவோ. கடைசியில் ஐம்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். போட்டியில் நீச்சலுக்கு எழுபது நிமிடம் வரை கொடுப்பார்கள். நான் டப்பாவைக் குலுக்கிக் காட்டினேன். அவர் தண்ணீரில் மிதந்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அப்புறம் கோயில் விஷயம் வந்தது. மாசியில் அம்மன் திருவிழா. அம்மனுக்குக் கரகத் தண்ணீர் இந்தக் கிணற்றில்தான் எடுப்பார்கள். கோயில் காரியம் பார்க்கிற அரிகிருஷ்ணனுக்கு யாரோ சேதி சொல்லிவிட்டார்கள். போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு காலையில் போனால், படி இறங்கும் வழியில் இரும்புக் கேட் போட்டுப் பெரிய பூட்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். பாண்டுரங்கன் மோட்டார் கொட்டகை வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா செய்யறது காமராஜி, ஊர்ல பேசறாங்க" என்றார். "சாமிக்குத் தண்ணி எடுக்கிற கெணறு. கண்டவங்க எறங்கிக் குளிச்சா நல்லாவா இருக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கண்டவங்களா? உங்க அம்மாவத் தூக்கும்போது கண்டவங்களா தெரியலையா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேறம்மா."

"இன்னா வேற?"

அவர் வாயைக் கொப்பளித்தார். செத்தவர் விழுந்த தண்ணீர் பால் ஊற்றினால் சுத்தமாகிவிடும். உயிரோடு ஒருவர் நீந்தின தண்ணீருக்கு மட்டும் பூட்டு. என் தம்பி அன்புச்செல்வன் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவன், அவனுக்கும் என் வாய்தான். கேஸ் போடலாம் என்று குதித்தான். காமராஜ் வேண்டாம் என்றார்.

"கேஸ் போட்டா மூணு வருஷம் கழிச்சு கெணறு தொறக்கும். ரேஸ் மாசிக் கடைசில" என்றார்.

அவர் மேல் எனக்கு வந்த கோபம் பாண்டுரங்கன் மேல் வந்ததைவிட அதிகம். இரண்டு மாதம் அவர் தண்ணீரையே தொடவில்லை. மிச்சம் இருந்த கிணறுகளில் பாதி முள் மண்டிக் கிடந்தது, பாதியில் இடுப்பளவு தண்ணீர். ஏரிக்குப் போகலாம் என்றால் அங்கேயும் சேறுதான். சைக்கிளை மட்டும் வெறி பிடித்த மாதிரி மிதித்தார்.

போட்டி மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரையில். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. ஊரில் கரகம் எடுப்பதும் அதே ஞாயிறுதான். நாங்கள் முதல் நாளே அன்புச்செல்வன் வண்டியில் சைக்கிளைப் படுக்கப் போட்டுக்கொண்டு போய்விட்டோம். மணலில் இருநூறு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பி, கணுக்காலில் நேரம் பார்க்கிற சிப். காமராஜ் காலில் அதைக் கட்டும்போது அந்தப் பையன், "ஆல் தி பெஸ்ட் சார்" என்றான். சார் என்ற சொல்லைக் கேட்டு இவர் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

விசில் ஊதினார்கள். எல்லோரும் ஓடி விழுந்தார்கள். கடலுக்குள் மஞ்சள் மிதவைகளை வரிசையாக விட்டிருந்தார்கள், அதையொட்டிப் போய் வர வேண்டும். முதல் கொஞ்ச நேரம் ஆரஞ்சுத் தொப்பிகள் எல்லாம் ஒரு கூட்டமாகப் போயின. அப்புறம் ஒரே ஒரு தொப்பி மட்டும் இடப்பக்கமாக விலகியது. காவலுக்கு நின்ற படகுக்காரன் விசில் அடித்து அதைத் திருப்பி விட்டான். திரும்பியது. மறுபடியும் மெதுவாக, வளைந்து, இடப்பக்கமாகப் போனது. மறுபடியும் விசில்.

"யாருக்கா அது, போதைல இருக்கிறானா?" என்றான் அன்புச்செல்வன்.

எனக்கு முதலில் புரியவில்லை. மூன்றாவது தடவை வளைந்தபோதுதான் புரிந்தது. கடலில் சுவர் இல்லை. ஆனால் அவர் உடம்பு சுவரை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதம் நான் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்த அதே வளைவு. நீந்தச் சொன்னார்கள், அவர் அந்தக் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நேரா போ மாமா!" என்று கத்தினேன். கடலுக்குப் போட்டியாக எவ்வளவு கத்த முடியும்? அந்த இரண்டு மாதம் தண்ணீர் கிடைத்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருப்போமோ, மாட்டோமோ, தெரியாது. ஆனால் பயிற்சி விட்டுப்போன கை கடைசியில் தூக்கவே முடியாமல் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கு ஒரு பூட்டுதான் காரணம்.

எழுபத்து மூன்று நிமிடம். மூன்று நிமிடம் தாமதம். ஒரு பெண் வந்து, "சாரி சார், டைம் முடிஞ்சிருச்சு" என்று அவர் காலில் இருந்து சிப்பைக் கழற்றினாள். அவள் மேல் தப்பில்லை. விதி விதிதான். விருப்பப்பட்டால் சைக்கிளும் ஓட்டமும் முடிக்கலாம், ஆனால் பட்டியலில் பெயர் வராது, மெடல் கிடையாது என்றாள். இவர் மணலில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் சைக்கிளை எடுத்தார்.

தொண்ணூறு கிலோமீட்டர். டூல் பெட்டி இல்லாமல் மிதிப்பதே அவருக்கு லீவு நாள் மாதிரி. கூடப் போட்டி போட்டவர்களின் சைக்கிள்கள் எங்கள் வீட்டைவிட விலை. அவர்களில் பலரைத் தாண்டிப் போனார். யாரும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை, தம்பி வண்டியில் பின்னாலேயே போய் நான் குறித்துக்கொண்டேன். முப்பத்திரண்டு பேர். பத்தரை மணிக்குள் சைக்கிளை இறக்கி வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அப்போது என் பையில் இருந்த அவர் போன் அடித்தது. பாண்டுரங்கன்.

"காமராஜி எங்கம்மா? அவசரம். கரகக் கொடம் கெணத்துல வுழுந்துடுச்சு."

விஷயம் இதுதான். கரகத் தண்ணீர் எடுக்கும் குடத்துக்குப் புதுக்கயிறு, அதில் நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசிக் கட்டுவது வழக்கம். அரிகிருஷ்ணன் பக்தி மிகுந்து இந்த வருடம் எண்ணெயை அள்ளிப் பூசியிருக்கிறார். முடிச்சு வழுக்கி, தாத்தா காலத்துப் பித்தளைக் குடம் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பையன்கள் நாலு பேர் குதித்துப் பார்த்து, பாதி ஆழம்கூடப் போக முடியாமல் ஏறிவிட்டார்கள். அந்தக் குடத்தில் தண்ணீர் எடுக்காமல் சாமி கிளம்பாது.

"கார் அனுப்பறேன். ரெண்டு மணி நேரத்துல வந்துரலாம்" என்றார்.

"கெணத்துல அவரு எறங்கலாமா? சாமித் தண்ணியாச்சே."

"அது வேற, இது வேறம்மா!"

அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு ஓட்டக்காரர் பயந்து நகர்ந்து போனார். "அவரு ஓடிக்கிட்டு இருக்காரு. முடிச்சிட்டுத்தான் வருவாரு. உங்க சாமிய நாளைக்குக் காலைல வரைக்கும் காத்திருக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்தேன். மறுபடியும் மறுபடியும் அடித்தது. அணைத்துப் பைக்குள் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார். இருபது வருடப் பழக்கம், கூப்பிட்டால் போவது.

பன்னிரண்டரை மணி வாக்கில் முடித்தார். மைக்கில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தவன் இவர் வந்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கைதட்டியது நானும் அன்புச்செல்வனும்தான். நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"கொடம் எந்தப் பக்கம் வுழுந்துச்சாம்?" என்றார்.

"அடப்பாவி மாமா! உனக்கு ரோஷமே கெடையாதா?"

"இருக்குது" என்றார் மெதுவாக. "நான் நல்லாத்தான் நீந்தினேன் வெண்மதி. கை வலிச்சுது, ஆனா நல்லாத்தான் நீந்தினேன். எனக்கு நேராப் போவத் தெரியல. அத இன்னும் ஒரு வருஷம் பழகணும். பழக எனக்குக் கெணறு வேணும்."

அவர் கண் சிவந்திருந்தது. உப்புத் தண்ணீரால் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனோம். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. மேளக்காரர்கள் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். பாண்டுரங்கன் சாவியோடு ஓடி வந்து கேட்டைத் திறந்தார். பூட்டு கேட்டிலேயே தொங்கியது. காமராஜ் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் நின்றார்.

"கொடத்த எடுத்துத் தரேன். மொதல்ல நான் அம்பத்தஞ்சு சுத்து நீந்தணும்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "இன்னாடா வெளையாடறியா? சாமி நிக்குது" என்றார் அரிகிருஷ்ணன்.

"டா போடாதீங்க" என்றார் காமராஜ். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "நேத்து நின்ன சாமி, இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும்."

நான் போய் புளியங்கொட்டைப் பையை அரிகிருஷ்ணன் கையில் வைத்தேன். "அவருக்கு எண்ணிக்கை தப்பிப்போவும். நீங்களே எண்ணுங்க. ஒரு சுத்துக்கு ஒண்ணு." அவர் பாண்டுரங்கனைப் பார்த்தார். பாண்டுரங்கன் தரையைப் பார்த்தார். வேறு ஆள் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

காமராஜ் இறங்கினார். இந்தத் தடவை சுவரை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, வலப்பக்கமாகத் திரும்பி நீந்தினார். முதல் பத்துச் சுற்றில் இரண்டு தடவை சுவரில் முட்டிக்கொண்டார். முந்தின நாள் கடலும் ரோடும் வேலை வாங்கிய உடம்பு, வேகமே இல்லை. எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் நிற்கவில்லை. பட்டப் பகலில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எதையும் எடுக்காமல் சும்மா நீந்தினார். அரிகிருஷ்ணன் வேட்டியில் கொட்டைகளைப் பரப்பிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து எண்ணினார். முப்பத்தேழில் அவருக்கே தப்பிவிட்டது. நான்தான் திருத்தினேன்.

ஐம்பத்தைந்து முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே முழுக்கு. குடத்தோடு மேலே வந்தார். வாய் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பியிருந்தது. படியில் வைத்தார். அரிகிருஷ்ணன் அதை எடுத்து, தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றப் போனார்.

"ஊத்திட்டு?" என்று கேட்டேன்.

"வேற புடிக்கிறோம்மா."

"எங்கேருந்து?"

அவர் கிணற்றைப் பார்த்தார். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என் வீட்டுக்காரர் நீந்திய தண்ணீரைப் பார்த்தார். பிறகு குடத்தை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டார். மேளம் அடித்தார்கள்.

கூட்டம் போனதும் பாண்டுரங்கன் மட்டும் நின்றார். கேட்டைச் சாத்த வந்தார். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கியது. கொண்டியில் தொங்கிய பூட்டை உருவி எடுத்தேன். அரைக் கிலோ இருக்கும். கிணற்றின் நடுவில், எவ்வளவு தூரம் வீச முடியுமோ அவ்வளவு தூரம் வீசினேன்.

"இன்னாம்மா இது!" என்றார்.

"வேணும்னா எறங்கி எடுத்துக்குங்க" என்றேன்.